பதிமூன்றாவது கதவு

வீடு கட்ட என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. நான் போட்டுக் கொடுக்கும் முதல் பிளானில் வேண்டுமென்றே ஒரு தப்பு இருக்கும்.

கோபப்படாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் யோக்கியமாகத்தான் இருந்தேன். காற்று எந்தப் பக்கம் வரும், மத்தியான வெயில் எந்தச் சுவரில் விழும் என்று பார்த்துப் பார்த்து, குறையே இல்லாத பிளானாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மச்சானைக் கூப்பிட்டுக் காட்டுவார். சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியாதே! ஒரு வார்த்தையாவது சொன்னால்தானே அது அவர் வீடு? "எல்லாம் சூப்பர் மேடம், இந்தப் படிக்கட்டை மட்டும் தூக்கி ஹாலுக்கு நடுவுல வெச்சிடுங்க" என்பார். போச்சு. படிக்கட்டு நகர்ந்தால் ஜன்னல் நகரும், ஜன்னல் நகர்ந்தால் காற்று போகும், காற்று போனால் அது வீடா? ஸ்கூட்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நான் அழுத நாட்கள் உண்டு. இதில் பொய் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

அப்புறம்தான் புத்தி வந்தது. குழந்தைக்குக் கன்னத்தில் மை வைப்பார்கள் அல்லவா? பார்க்கிறவர் கண் பொட்டில் போய் நிற்கும், முகம் தப்பித்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஒவ்வொரு பிளானுக்கும் ஒரு திருஷ்டிப் பொட்டு. சித்தூரில் ஒரு பல் டாக்டருக்குப் பாத்ரூம் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிற மாதிரி வைத்தேன். கண்டுபிடித்துவிட்டு ஒரு வாரம் எனக்குப் பாடம் எடுத்தார். மீதி வீட்டைத் தொடவே இல்லை. ரேணிகுண்டாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு மாடிப்படி நேராகப் போய்ச் சுவரில் முட்டும். "மேடம், மேல போய் இன்னா பண்றது, செவுத்துக்கு முத்தம் குடுக்கறதா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் நெற்றியில் அடித்துக்கொண்டு அசடு வழிந்தேன். வீடு பிழைத்தது. இன்றைக்கும் அவர் எனக்கு நாலு பேரைச் சிபாரிசு செய்கிறார். "நல்ல பொண்ணு, கொஞ்சம் அவசரக்குடுக்கை, நாமதான் கூட நின்னு பாத்துக்கணும்" என்று சொல்லித்தான் அனுப்புகிறார். சொல்லட்டும்!

திருப்பதியில் என் ஆபீசில் வரைபடம் போடும் உதயாவுக்கு மட்டும் இது தெரியும். பிளானை முடித்ததும் "மேடம், பொட்டு எங்க வைக்கலாம்?" என்று கேட்பாள். ஒன்பது வருஷமாக என்னோடு இருக்கிறாள். என் கோபத்துக்குப் பயப்படாத ஒரே ஆள்.

என் கோபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் நகரிக்காரி, பெயர் தேவசேனா. வீடு முழுக்கப் பவர்லூம் ஓடும். உப்பு வேண்டும் என்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். எனக்கு மெதுவாகப் பேச வராது. அதனால் நான் நல்லது சொன்னாலும் சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதி நேரம் அது உண்மையும்கூட.

போன வருஷம் புத்தலப்பட்டிலிருந்து சந்திரன் வந்தார். இரண்டு போர்வெல் லாரி ஓட்டுகிறார். அவர் நைனா காலத்தில் ஒரு சென்ட் நிலம் கிடையாது; ஊரார் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். இன்றைக்கு அந்த ஊரார் எல்லாம் இவர் வீட்டு ஹாலில் வந்து உட்காருகிறார்கள். எங்கே தண்ணீர் வரும், யார் வரப்பு எங்கே போகிறது, யார் பெண்ணை யாருக்குக் கொடுக்கலாம், எல்லாம் இவரிடம்தான். மனுஷனுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. எனக்கும் அது பிடித்தது, நிஜமாகவே.

"மேடம், ஹால் பெருசா ஓணும். நாப்பது நாற்காலி போடற மாதிரி. வர்றவன் 'அப்பா!'ன்னு வாயைப் பொளக்கணும்."

"பொளக்க வச்சிரலாம்ணா. அண்ணிக்கு என்ன வேணும்?"

"அதுக்கு இன்னா ஓணும்? ஒரு மிக்சி, ஒரு கிரைண்டர்."

பிளான் போடுவதற்கு முன் வீட்டுக்காரர்களின் பழைய வீட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, யார் எங்கே இடித்துக்கொள்கிறார்கள், எந்தச் சுவிட்சுக்கு எட்டிக் கை நீட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். அந்த வித்தையில் எனக்கு ரொம்பத் திமிர் உண்டு. சந்திரன் வீட்டுக்கும் போனேன். ஹாலில் காலையிலிருந்து ஆள் குறையவே இல்லை. எழுந்து போகிற ஒருவருக்கு இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். நான் நாற்காலியை எண்ணினேன், செருப்பை எண்ணினேன்.

அவர் மனைவி கன்னியம்மாள் ஒல்லியானவர். பேச்சு ரொம்பக் குறைவு. டீ கொண்டுவருவார், டம்ளரை எடுத்துக்கொண்டு போவார். சாயங்காலம் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு ஹால் வழியாக வெளியே கிளம்பினார்.

"எங்க அண்ணி?" என்றார் ஒருவர்.

"கடைக்கா? நான் போறப்ப வாங்கியாறட்டா?" என்றார் இன்னொருவர்.

"இன்னா ஓணும்? ஃபோன் பண்ணா கொண்டாந்து குடுக்கறான். எங்க போறே?" என்றார் சந்திரன்.

"ஒண்ணும் இல்ல" என்று கன்னியம்மாள் திரும்பிப் போய்விட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எல்லாம் மரியாதையாகத்தான். நான் நோட்டில் 'கடை சாமான் வைக்க அலமாரி' என்று எழுதிக்கொண்டேன். அறிவு கெட்டவள்.

கிளம்பும்போது எல்லார் முன்னாலும் அவரிடம் கேட்டேன், "உங்களுக்கு எப்படி இருக்கணும்?"

"அவரு சொல்றதுதாம்மா."

'வீட்டம்மாவுக்குத் தனியாக ஒன்றும் இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மனை பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. வடக்கே சித்தூர் – திருப்பதி ரோடு. கிழக்கே ஒரு சந்து. மற்ற இரண்டு பக்கமும் அடுத்தவர் மாந்தோப்பு. ரோட்டைப் பார்த்து ஹால், உள்ளே சாப்பிடும் இடம், தென்கிழக்கு மூலையில் சமையலறை, அதற்குப் பின்னால் பாத்திரம் கழுவ ஒரு சின்ன முற்றம். முற்றத்தைச் சுற்றி மதில். அந்தப் பக்கம் வழி கிடையாது. ஹாலுக்கும் உள்ளுக்கும் நடுவில் கதவு இல்லாமல் அழகாக ஒரு வளைவு. ஹாலில் நின்றால் சமையலறை வரைக்கும் பார்வை ஓடும், காற்றும் ஓடும். அந்த வளைவை நினைத்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

"பொட்டு?" என்றாள் உதயா.

சந்திரன் வாஸ்துவில் ஊறினவர் என்று தெரியும். வீட்டில் கதவுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிளானில் பன்னிரண்டு கதவு இருந்தது. சமையலறையில் முற்றத்துக்குப் போக ஏற்கெனவே ஒரு கதவு. அதற்கு ஒரு எட்டு தள்ளி, கிழக்குச் சுவரில், சந்தைப் பார்த்து இன்னொரு கதவு வரைந்தேன். பதிமூன்று. "இதைக் கண்டுபிடிக்கலன்னா அவரு போர் போட்ட இடத்துல எப்படித் தண்ணி வரும்?" என்று சொல்லிச் சிரித்தோம்.

கண்டுபிடித்தார். ஆபீசில் பிளானை விரித்ததுமே விரலை நீட்டி எண்ண ஆரம்பித்துவிட்டார். பதினொன்று, பன்னிரண்டு... விரல் நின்றது.

"மேடம்!"

"என்னண்ணா?"

"பதிமூணு!"

"ஐயையோ!" என்றேன். இந்த ஐயையோவில் எனக்கு நல்ல பழக்கம்.

"இன்னா மேடம், இவ்ளோ படிச்சிட்டு! ஒரு சமையல்கட்டுக்கு ரெண்டு கதவு எதுக்கு? திருடனுக்குத் தனியா ரேஷன் கார்டு குடுக்கறீங்களா? தப்பு தப்பே கதா! தப்புன்னா தப்புதானே! எடு பேனாவை." சிவப்புப் பேனாவால் அந்தக் கதவின் மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். அப்புறம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஹாலைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, படிக்கட்டைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே ஃபோனை எடுத்து நாலு பேருக்குச் சொன்னார்: "திருப்பதி ஆர்க்கிடெக்ட், பெரிய ஆளு, அவங்க போட்ட பிளான்லயே நான் தப்பு புடிச்சேன்!" உதயா சிரிப்பை அடக்க எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

கன்னியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, சிவப்புக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவனித்தேன். ஏதோ அழுக்கு என்று பார்க்கிறார் போல என்று நினைத்தேன்.

இருவரும் இறங்கிப் போனார்கள். கீழே கார் ஹாரன் அடித்தது. போனவர்களில் கன்னியம்மாள் மட்டும் திரும்பி மேலே வந்தார். "குடை வெச்சிட்டேன்" என்றார். குடை அவர் கையிலேயே இருந்தது.

"அந்தக் கதவு தெரியாம போட்டீங்களாம்மா, வேணும்னே போட்டீங்களா?"

அவ்வளவு நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை. சிரித்துவிட்டேன். "வேணும்னேதான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். பல் டாக்டர் கதையை, சுவரில் முட்டும் படியை, எல்லாவற்றையும். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பேப்பரைப் பாத்தவுடனே எனக்காகத்தான் போட்டீங்கன்னு நெனச்சிட்டேன்."

"உங்களுக்கா? அந்தக் கதவால எங்க போவீங்க?"

"எங்கியும் போறதுக்கு இல்லம்மா. எங்க போறேன்னு யாரும் கேக்காம போறதுக்கு." குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "இருவத்தாறு வருசமா நான் வாசப்படி தாண்டணும்னா ஒரு காரணம் சொல்லணும். காரணம் இருந்தா யாராவது வாங்கியாந்து குடுத்துடறாங்க. நல்லவங்கதான் எல்லாரும். புது வூட்டுலயும் அதே ஹாலுதான், இன்னும் பெருசா."

மறுபடி ஹாரன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

வெட்கமாக இருந்தது. ஒரு நாள் முழுக்க அவர் வீட்டில் உட்கார்ந்து, செருப்பை எண்ணி, அவர் பையோடு திரும்பிப் போனதைக் கண்ணால் பார்த்து, அதற்கு ஒரு அலமாரி எழுதிக்கொண்டு வந்தவள் நான். அந்த வீட்டுக்கு நான் வரைந்ததிலேயே சரியான ஒரே விஷயம், நான் கிண்டலுக்கு வைத்த கதவு. அதையும் அடிக்க வைத்துவிட்டேன்.

சந்திரனுக்கு ஃபோன் செய்தேன். "அண்ணா, அந்தக் கதவு ஒரு வேளை உபயோகமா..."

"மேடம், தப்பு செஞ்சா ஒத்துக்கணும். எனக்கு இன்னா, உங்க மேல கோவமா? உடுங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்! அதற்குள் பலமனேர் வரைக்கும் அவர் தப்புப் பிடித்த கதை போய்விட்டது. அந்தக் கதவைத் திரும்ப வைத்தால் அவர் பிடித்தது தப்பே இல்லை என்று ஆகிவிடும். உயிரே போனாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவராகக் கேட்டால்தான் உண்டு.

எனக்கு மிச்சமிருந்தது சுண்ணாம்புக் காலை. அது என் இன்னொரு வழக்கம். அஸ்திவாரம் தோண்டுகிற அன்று காலையில், மனையில் முழு வீட்டையும் அசல் அளவில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வரைவேன். கதவு வருகிற இடத்தில் மட்டும் கோடு விட்டிருக்கும். வீட்டார் எல்லாரும் அதற்குள் நாலு மணி நேரம் இருக்க வேண்டும். சமைக்க வேண்டும், சாப்பிட வேண்டும், விருந்தாளியை உட்கார வைக்க வேண்டும். ஒரே விதி: கோட்டைத் தாண்டக் கூடாது. கோடு என்றால் சுவர். மாற்றம் ஏதாவது இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். பதினொரு மணிக்கு ஜேசிபி வந்து மண்ணில் பல்லை வைத்துவிட்டால் அப்புறம் கடவுளே வந்தாலும் மாற்ற மாட்டேன்.

கன்னியம்மாளிடம் ஃபோனில் ஒன்றுதான் சொன்னேன். "அன்னைக்கு உங்க வீட்டுக்கு என்னென்ன வருமோ, போகுமோ, அத்தனையும் மனைக்கே வரட்டும். ஒண்ணையும் நிறுத்தாதீங்க."

"கருவாடும் வரலாமாம்மா?" என்றார்.

இந்த அம்மாளுக்குப் போய்த் தனியாக ஒன்றும் இல்லை என்று எழுதினேனே!

அன்று காலை ஏழு மணிக்கு நானும் உதயாவும் கோடு போட்டு முடித்தோம். பூஜை போன வாரமே ஆகிவிட்டது. சந்திரன் வெள்ளைச் சட்டையில் வந்தார், கூடவே ஐந்தாறு பேர். முக்கியமான ஆள் வேணு. பலமனேரில் பால் பண்ணை வைத்திருக்கிறவர், எட்டு போர் போட இவரைத்தான் கூப்பிடப் போகிறார். அவருக்குப் புது வீட்டைக் காட்ட வேண்டும் என்றே வரவழைத்திருந்தார். சுண்ணாம்பு ஹாலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். "விசாலம்!" என்றார் வேணு. சுவரே எழும்பாத வெட்டவெளி, விசாலத்துக்கு என்ன குறை! சந்திரன் மீசையைத் தடவிக்கொண்டார்.

சமையலறை மூலையில் கன்னியம்மாள் அடுப்பை வைத்தார். முதலில் கேஸ் வந்தது. சிலிண்டர்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நேராகச் சந்து வழியாக வந்தார்.

"அங்க செவுரு! வாசல் வழியா வாங்க" என்று கத்தினேன். கத்துவது எனக்குக் கஷ்டமே இல்லை.

அவர் சுற்றிக்கொண்டு வந்து, ஹாலுக்குள் சிலிண்டரைக் கடகடவென்று உருட்டினார். "சார், கொஞ்சம் காலைத் தூக்கு" என்றார் வேணுவிடம். வேணு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அடுத்தது தண்ணீர் கேன், ஆறு. ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துக்கொண்டு ஆறு தடவை வந்து போனார் கேன்காரர், நடுவில் சொட்டியது. அப்புறம் வேலைக்கு இருக்கும் ரத்னம்மா, ஒரு பெரிய அலுமினியக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தார். கருவாடு. காற்று நான் கணக்குப் போட்ட திசையிலேயே வந்தது. கணக்கில் நான் கெட்டிக்காரி.

போர் எத்தனை அடி என்று பேசிக்கொண்டிருந்த வேணு நடுவில் மூச்சை நிறுத்தினார்.

ரத்னம்மா கூடையை வைத்துவிட்டு, குப்பை வாளியோடு வெளியே போனார். வாளியோடு உள்ளே வந்தார். துடைப்பத்தோடு போனார். கழுநீர் எடுத்துக்கொண்டு போனார். இவ்வளவும் நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. அடுப்பின் பக்கம் பார்த்தேன். கன்னியம்மாள் முகத்தில் ஒன்றுமே இல்லாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, "ரத்னம்மா, அந்தக் கருவாடு கழுவின தண்ணியையும் எடுத்துக்கினு போ" என்றார்.

"ஏ ரத்னம்மா!" சந்திரனுக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பக்கமா போயேன்!"

"எந்தப் பக்கம் நைனா? செவுரு கீதே!" ரத்னம்மா சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினார். சந்திரன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இன்னா மேடம் பிளான் இது? நாலு பெரிய மனுசங்க உக்காந்துகினு கீறாங்க, நடுவுல கருவாடு போவுது, குப்பை போவுது! அதோ சமையல்கட்டுல இருந்து சந்துக்கு ஒரு கதவு வெச்சா இன்னா கேடு? இது கூடவா தோணாது?"

உதயாவுக்குப் பெரிய இருமல் வந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் ஆயுசில் அவ்வளவு கெட்டியாக அதைக் கடித்ததில்லை.

"எனக்குத் தோணவே இல்லண்ணா."

"தோணாது. வூட்ல இருக்கறவனுக்குத்தான் தெரியும். வைங்க!"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது பார்த்து வேணு, காலைக் கீழே வைத்தபடி, "சந்திரா, அன்னைக்கு நீதானே ஃபோன்ல சொன்னே, அந்தக் கதவு வெச்சா பதிமூணு ஆயிடுதுன்னு?" என்றார்.

சந்திரன் விரல் விட்டு எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப வேணாம் மேடம். கருவாடு ஹால் வழியாவே போவட்டும். ஒத்தைப்படை ஆவாது."

ஊரையெல்லாம் ஏமாற்ற நான் வைத்த எண்ணிக்கை, என் காலையே வாரிவிட்டது. ரோட்டில் ஜேசிபி வந்து நின்று ஹாரன் அடித்தது. மணி பத்தே முக்கால்.

"ஒரு பாத்ரூம் கதவை எடுத்துடலாமாண்ணா? கணக்கு சரியாயிடும்" என்று உளறினேன்.

"பாத்ரூம் கதவையா!" என்றார்கள் ஹாலில் இருந்த அத்தனை பேரும்.

டிரைவர் மறுபடியும் ஹாரன் அடித்தார். கன்னியம்மாளைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. தந்திரம் எல்லாம் தீர்ந்துபோய்ச் சுண்ணாம்புக் கையோடு நின்றேன்.

"ஏங்க" என்று சத்தம் வந்தது.

கன்னியம்மாள்தான். கையைத் துடைத்துக்கொண்டு வளைவு வரைக்கும் வந்து, கோட்டுக்கு உள்ளேயே நின்றார்.

"இந்த வளைவுல ஒரு கதவு போட்டா பதினாலு ஆயிடுமே. நீங்க நாலு பேரோட முக்கியமா பேசிக்கினு இருப்பீங்க, உள்ள குக்கர் கத்தும், மிக்சி ஓடும். நீங்க பேசறதும் உள்ளார எல்லாருக்கும் கேக்குது. பெரிய பேச்சு பேசற எடம் சாத்தினு இருந்தாத்தானே மரியாதை?"

சந்திரன் அந்த வளைவைப் பார்த்தார், வேணுவைப் பார்த்தார்.

"ஆபீஸ் ரூம் மாதிரி!" என்றார் வேணு.

"அதே அதே!" சந்திரன் தொடையைத் தட்டினார். "மேடம், எழுதிக்கோங்க. இங்க ஒண்ணு, சந்துக்கு ஒண்ணு. பதினாலு. பாத்தீங்களா, நாங்களே ஒக்காந்து பிளானை சரி பண்ணிட்டோம்!"

என்னுடைய அந்த அழகான வளைவு. பார்வை ஓடும், காற்று ஓடும் என்று நான் கர்வப்பட்ட இடம். அந்தப் பார்வை யார் மேல் ஓடும் என்று நான் யோசிக்கவே இல்லை. இருபத்தாறு வருஷம் அந்தப் பார்வைக்கு எதிரே டம்ளர் தூக்கினவர் யோசித்திருக்கிறார். எனக்கு வேண்டிய கதவு ஒன்று. அவர் ஒரே வாக்கியத்தில் இரண்டு வாங்கிவிட்டார். என் திருஷ்டிப் பொட்டெல்லாம் இவரிடம் எந்த மூலைக்கு?

வளைவில் புதுக் கதவுக்கு அளவெடுக்கக் குனிந்தேன். அவர் என் பக்கத்தில் குனிந்து டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்குத் தாப்பா எந்தப் பக்கம்மா வரும்?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"உங்க பக்கம்" என்றேன். எனக்கே தெரியாமல் என் குரல் தணிந்திருந்தது.

உதயா கிழக்குக் கோட்டில் மூன்றடிக்குக் காலால் சுண்ணாம்பைத் தேய்த்து அழித்தாள். பதினான்காவது கதவு என்றுதான் சந்திரன் சொல்வார். எனக்கு அது பதிமூன்றுதான். கன்னியம்மாள் அடுப்பை அணைத்தார். சமையலறை மூலையில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள்ளிருந்து செருப்பை எடுத்துப் போட்டார். காலையிலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்! அழித்த இடத்தின் வழியாக, கோட்டில் கால் படாமல், சந்தில் இறங்கிப் போனார்.

ஹாலில் பேச்சு களைகட்டிவிட்டது. பதினான்கு எவ்வளவு விசேஷமான எண் என்று சந்திரன் விளக்கிக்கொண்டிருந்தார். வேணு நெளிந்தார்.

"சந்திரா, அண்ணி எங்க? ஒரு டீ கெடைக்குமா?"

சந்திரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ளதான் இருப்பா" என்றார்.

உள்ளே என்று ஒன்றும் இல்லை. வெறும் மண்ணும் முழங்கால் உயரத்துக்குக்கூட எழும்பாத வெள்ளைக் கோடுகளும்தான். அணைந்த அடுப்பும் பாதி நறுக்கிய வெங்காயமும் பட்டப்பகல் வெயிலில் கிடந்தன. யாராவது ஒருவர் தலையைத் திருப்பியிருந்தால் போதும், பஸ் ஸ்டாப் நிழலில் கன்னியம்மாள் நின்று உப்பு மிளகாய்ப் பொடி போட்ட கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். திருப்பதி பஸ் ஒன்று வந்து நின்றது. அவர் ஏறவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கடி கடித்தார்.

உதயா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பல்லைக் காட்டாம டேப்பைச் சுருட்டு" என்று அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டு, ஜேசிபிக்குக் கையைக் காட்டினேன்.